நடுக்குவாதமும் வயிறும்: தயிர் எதற்கு, மாத்திரை எதற்கு?



"டாக்டர், தயிர் சாப்பிட்டா அப்பாவுக்குக் கை நடுக்கம் குறையுமா?" பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், உள்ளவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுக்கத்துக்குத் தயிர் மருந்து இல்லை. ஆனால் வயிற்றுக்குத் துணை செய்யலாம். வயிறு மந்தமாக இருந்தால் மாத்திரை வேலை செய்யவும் தாமதமாகும்.

1817-ல் இந்நோயைப் பற்றி எழுதிய இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நோயாளிகளின் மலச்சிக்கலையும் குறிப்பிட்டிருக்கிறார். பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது. குடலை இயக்கும் நரம்புகளையும் இந்நோய் பாதிக்கிறது. அதனால் "வயசானா அப்படித்தான்"னு விட்டுவிடாதீர்கள். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே நேரம், மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் நடுக்குவாதம் வரும் என்று பயப்படவும் வேண்டாம்.

புரோபயாடிக் என்பது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள். மலேசியாவில் 72 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. புரோபயாடிக் கேப்ஸ்யூலை 4 வாரம் சாப்பிட்டவர்களுக்கு, முன்பைவிட வாரத்துக்குச் சராசரியாக ஒருமுறை கூடுதலாக மலம் கழிந்தது. தினமும் முக்கி அவதிப்படுபவருக்கு இது சின்ன விஷயமில்லை. வீட்டுத் தயிரிலும் நல்ல நுண்ணுயிரிகள் உண்டு; ஆனால் அதுவும் ஆய்வில் கொடுத்த கேப்ஸ்யூலும் ஒன்றல்ல. கடையில் கேப்ஸ்யூல் வாங்கும்முன் டாக்டரிடம் கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். லெவோடோபா மாத்திரை சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. தயிர், பால், முட்டை, பருப்பில் உள்ள புரதம் அங்கே அதனுடன் போட்டி போடும். எனவே மாத்திரையைத் தயிர்சாதத்தோடு கொடுக்காதீர்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்போ, ஒருமணி நேரம் கழித்தோ தண்ணீரில் கொடுங்கள். குமட்டல் வந்தால் டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். "தயிர் போதும், மாத்திரை வேண்டாம்" என்று திடீரென நிறுத்துவது ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியவை:

- கீரை, காய்கறி, பழம் தினமும் இருக்கட்டும். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.
- முடிந்த அளவு நடக்கட்டும்.
- காலையில் ஒரே நேரத்தில், அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்கார வையுங்கள்.
- விழுங்கும்போது புரையேறினால் உடனே தெரிவியுங்கள்.

வயிறு உப்பி, வாந்தியும் கடும் வலியும் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. வெளியே வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறலாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது நடுக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள், வயிற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.