நாற்பதுக்குப் பின் ஓடத் தொடங்குவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடல் நலம் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தார் என்னைப் பணித்துள்ளார்கள். நான் மருத்துவன் அல்லன். 25 ஆண்டுகளாகத் துணிக்கடைக் கல்லாவில் அமர்ந்திருப்பவன். எனினும் 47ஆம் வயதில் தொடங்கிய ஓட்டப் பயிற்சி, ஐந்தாண்டுகள் கடந்து இன்றும் தொடர்கின்றது. அந்த அனுபவத்தையே தங்கள் முன் வைக்கிறேன்.

என்னோடு மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் மாரடைப்பால் காலமானார். அவருடைய சந்தூக்கிற்குத் தோள் கொடுத்து மையவாடி நோக்கி நடந்தேன். சிறிது தூரம் செல்வதற்குள் மூச்சு வாங்கியது. ஓர் இளைஞர், "மாமா, நீங்க விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று என் இடத்தை வாங்கிக்கொண்டார். நண்பரைச் சுமக்கவும் இயலாத உடலை வைத்திருக்கிறோமே என்று அன்று வெட்கினேன்.

மறுநாளே காலணி வாங்கி ஈத்கா மைதானத்தில் ஓடினேன். பள்ளிக்கூட நாட்களில் ஓடிய வேகத்திலேயே ஓடினேன். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே வலி கண்டது. பத்தாம் நாள் காலணி அலமாரிக்கு மேலே ஏறியது. இவ்வாறு மும்முறை தொடங்கி மும்முறையும் கைவிட்டேன்.

வலிக்காகச் சென்றபோது மருத்துவர் சொன்ன விளக்கம்தான் என் கண்ணைத் திறந்தது. இதயமும் தசைகளும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று வேகம் கூட்டுபவர் காலில் அடிபடுகிறார். நடுத்தர வயதில் பலர் இடையில் நின்றுவிடுவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

நான்காம் முறை இவ்வாறு தொடங்கினேன். வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒரு நாளேனும் ஓய்வு. முதலில் ஐந்து நிமிட நடை. பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை; இவ்வாறு எட்டுச் சுற்று. உடன் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகின்ற வேகமே சரியான வேகம். அரைமணி நேரம் இடைவிடாது ஓடுவதற்கு எனக்கு ஆறு மாதங்கள் ஆயின. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்போ, 75 நிமிடக் கடுமையான உழைப்போ குறைந்த அளவாகும். 25 நிமிடம் வீதம் மூன்று நாள் ஓடினால் அந்த 75 கிடைத்துவிடும்.

பழக்கம் உருவாக எத்தனை நாட்களாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு: சராசரியாக 66 நாட்கள், சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254 நாட்கள் வரை. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தினமும் நடக்கும் ஒரு செயலோடு புதிய செயலைப் பிணைப்பதே அவர்கள் கையாண்ட முறை. நமக்கு அது எளிது. சுபுஹு ஜமாஅத்திற்கு வந்தவர் ஏற்கெனவே விழித்தெழுந்தவர். பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பாமல் மைதானத்திற்குத் திரும்பினால் போதும்.

முதலாண்டு ரமலானில் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினேன். பெருநாள் கழிந்தும் ஷவ்வால் முழுவதும் மனம் வரவில்லை. இப்போது நோன்பு திறப்பதற்குச் சற்று முன் 20 நிமிடம் நடக்கிறேன். பெருநாளுக்குப் பின் பாதி அளவிலிருந்து தொடங்குகிறேன்.

கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் என்ற பொறியாளர், இளமையில் விட்ட ஓட்டத்தை நாற்பதுகளில் மீண்டும் தொடங்கினார். 2004ஆம் ஆண்டு, 73ஆம் வயதில், 42 கிலோமீட்டருக்கும் அதிகமான மாரத்தான் தூரத்தை 2 மணி 54 நிமிடங்களில் கடந்தார். அவர் பயிற்சி செய்த இடம் வீட்டருகிலிருந்த ஒரு கல்லறைத் தோட்டம். அதனுள் மெதுவாகச் சுற்றிச் சுற்றியே ஓடினார்.

எச்சரிக்கையும் தேவை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். சட்டைப்பையில் சர்க்கரையோ பேரீச்சம்பழமோ இருக்கட்டும். ஓடி முடித்தபின் பாதங்களில் புண் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நின்று, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஈத்கா மைதானத்தின் வாயில் சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்திருக்கட்டும். பெண்களுக்கு மாலையில் தனி நேரம் ஒதுக்கப்படட்டும். இதனால் ஜமாஅத்திற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சென்ற மாதமும் ஒரு ஜனாஸாவிற்குத் தோள் கொடுத்தேன். அடுத்தவருக்கும் நன்மை கிடைக்கட்டும் என்று இடம் விட்டேனே தவிர, மூச்சிரைத்ததனால் அன்று. என் வயதொத்த ஜமாஅத்தார்களே, நாளை சுபுஹுக்குப் பின் மைதானத்தில் காத்திருக்கிறேன். முதல் ஒரு நிமிடம் சேர்ந்து ஓடுவோம்.

வஸ்ஸலாம்.