பதினெட்டு வயதும் தந்தையின் கடமையும்



பெற்ற பிள்ளையைக் காக்கும் கடமை தந்தைக்கு எதுவரை உண்டு என்னும் வினா நமக்குப் புதியதன்று. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் சென்று, அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட தந்தையரின் பிள்ளைகளை நாம் அறிவோம்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாயிற்று. வசதியிருந்தும் பிள்ளையைப் புறக்கணிக்கும் தந்தை, அப்பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும்வரை ஜீவனாம்சம் தரவேண்டும். தாய்க்குத் தாலி கட்டினாரா என்பது இங்கே கேள்வியே அன்று. உடல் அல்லது மனக் குறைபாட்டால் உழைக்க இயலாத பிள்ளைக்கு மட்டும் அக்கடமை அதன்பின்னும் நீளும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வேளையில்தான் பதினெட்டும் நிறைகிறது. கல்லூரி விண்ணப்பத்துடன் நிற்கும் மகனைச் சட்டம் அங்கே கைவிடுகிறது. இது நியாயமன்று என்றே கருதுகிறோம்.

மகளின் நிலை வேறு. தன் வருவாயாலோ சொத்தாலோ வாழ இயலாத மணமாகாத மகளைப் பதினெட்டுக்குப் பின்னும் காக்கவேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அபிலாஷா வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை உறுதிசெய்தது. பௌத்தம் தழுவியோர்க்கும் இது பொருந்தும். கிறித்தவராயுள்ள நம் உறவினர்க்கோ இப்பிரிவு இல்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டது கண்டு 1951இல் அண்ணல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர்த் துண்டு துண்டாக நிறைவேறிய சட்டங்களுள் இதுவும் ஒன்று. இதற்கு ஒப்புதல் கிடைத்த 1956 டிசம்பர் 21 அன்று, அவர் மறைந்து பதினைந்து நாட்களே ஆகியிருந்தன.

தாய்மார்கள் கவனிக்கவேண்டியது காலம். மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. "என்றேனும் திரும்பி வருவார்" என்று காத்திருந்த ஆண்டுகள் போனவையே. உத்தரவு பெற்றும் பணம் வரவில்லையெனில், நிலுவையான ஓராண்டுக்குள் வசூல் மனுச் செய்தாகவேண்டும். இதற்காகப் பெங்களூர் செல்லவேண்டியதில்லை. மனைவி வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. திருவண்ணாமலையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மனு எழுத உதவி நாடி நம்மிடம் வருவோர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக் கட்டண ரசீதுகளையும் கையோடு கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம்.