லொறிக்கு முன்னே லிஸ்ட் போகவேண்டும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, பெரியவர்களே, இளைஞர் கழகத்துத் தம்பி தங்கச்சிமாரே, கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நம்ம கீழ்ப் பிரிவில் மண்மேடு சரிந்து, இரண்டு லயத்துச் சனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தது உங்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்கு உதவி வராமல் இல்லை. மத்தியானம் ஒரு லொறி பிஸ்கட் வந்தது. பின்னேரம் இன்னொரு லொறி, அதுவும் பிஸ்கட். கோயில் கமிட்டி சோறு சமைத்து இறக்கும்போதே டவுனிலிருந்து சோற்றுப் பார்சலும் வந்து, பாதி விடியுமுன் பழுதாய்ப் போனது. ஆனால் கைக்குழந்தைகளுக்குப் பால்மா இல்லை. சீனி வருத்தக்காரப் பாட்டி ஒருவர் இரண்டு நாள் மருந்தில்லாமல் கிடந்தார். எத்தனை குழந்தை, யாருக்கு என்ன மருந்து என்ற விபரமெல்லாம் எங்கள் மேசை லாச்சியில் ஒரு கொப்பியில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களாகவும் கொடுக்கவில்லை. அது எங்கள் பிழைதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியிலும் இதே கதைதான். வெயில் ஊருக்குக் குளிர்கோட்டு வந்தது! சில இடத்தில் மீன்பிடிப் படகு தேவைக்கு மேல், சில இடத்தில் போதாது. பக்கத்து அமைப்பு என்ன கொடுக்கிறது என்று அடுத்ததற்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த நம் நாட்டுக் கம்ப்யூட்டர் தொண்டர்கள் 'சஹன' என்று ஒன்றைச் செய்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது, எந்த முகாமில் எத்தனை பேர், என்ன சாமான் வேண்டும் என்று எல்லாரும் ஒரே இடத்தில் பதிந்து பார்க்கலாம். 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்கும் அது உதவியது.

நமக்குக் கிட்ட உள்ளதைச் சொன்னால், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமற்போனவர் எத்தனை பேர் என்றே முதல் நாட்களில் சரியாகச் சொல்ல முடியவில்லை. தொகை மாறி மாறி வந்தது. உள்ளவர்களை எண்ணி வைக்காவிட்டால் இல்லாதவர்களை எப்படித் தேடுவது?

ஆகவே ஒரு வேலை செய்வோம். நமக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், கொப்பி போதும். லயத்துக்கு ஒரு மாதர் சங்க அக்கா, காம்பரா காம்பராவாக ஆட்கள் தொகை, கைக்குழந்தை, கர்ப்பிணித் தாய்மார், நடக்க முடியாத முதியவர் என்று எழுதவேண்டும். பிரதி ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று அதிபரிடம், ஒன்று கோயில் கமிட்டியிடம் இருக்கட்டும். மருந்து விபரம் மட்டும் டிஸ்பென்சரியோடு நிற்கட்டும். ஒருவருடைய வருத்தத்தை ஊரெல்லாம் வாசிக்கத் தேவையில்லை.

ஆபத்து வந்தால் பள்ளிக்கூடக் கரும்பலகையில் வந்த சாமானையும் வேண்டிய சாமானையும் எழுதுவோம். எந்தத் தொழிற்சங்கம் கொண்டுவந்தாலும் அதே பலகைதான். தலைவர்மார் இதற்கு முகம் சுழிக்கக்கூடாது. டவுனிலிருந்து லொறி ஏற்றுமுன் எங்களுக்குக் கோல் எடுப்பவர்களுக்கு அதைப் பார்த்தே பதில் சொல்வோம்.

நாளைக்குப் பெரட்டு முடிந்ததும் மேல் பிரிவு முதலாம் லயத்தில் தொடங்குகிறோம். கிளினிக் அட்டைகளை எடுத்து வையுங்கள்.