வேகமும் விளக்கொளியும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



“மான் குறுக்கே வந்ததால் விபத்து” என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். சில நாள் அது காட்டுப்பன்றியாக இருக்கும், சில நாள் மயிலாக இருக்கும். விலங்கு எதுவானாலும் குறுக்கே வந்த குற்றம் அதனுடையதாகவே எழுதப்படும். ஆனால், நீர் தேடிப் போகும் அதன் தடம் அங்கே முன்பே இருந்தது; சாலைதான் பிறகு வந்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் இரக்கப்படுவார்கள். அந்த இரக்கத்தோடு பாடத்தை முடித்துவிடாமல், ஒரு கணக்கையும் அவர்களைப் போடச் சொல்லுங்கள் என்பதே இன்றைய என் வேண்டுகோள்.

இது விலங்கின் உயிர் பற்றிய கணக்கு மட்டுமன்று. கிராமப்புறப் பள்ளிகளுக்கு நம்மில் பலர் இருசக்கர வாகனத்தில்தான் போய் வருகிறோம். இன்று நம் முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் சில ஆண்டுகளில் வண்டி ஓட்டப் போகிறவர்கள். காட்டுப்பன்றி மோதினால் காரின் முகப்பு நசுங்கும். இருசக்கர வண்டியில் வருபவரின் உயிரே போய்விடலாம்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். விலங்கைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில், பிரேக் பிடித்தபின் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டர். இதே முறையில் 40 கி.மீ. வேகத்துக்கு 20 மீட்டரும், 80 கி.மீ. வேகத்துக்கு 57 மீட்டரும் வரும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இனி ஒரு கேள்வி கேளுங்கள். ‘டிம்’ விளக்கில் சாலை தெளிவாகத் தெரிவது சுமார் 40 மீட்டர் என்றால், இரவில் எந்த வேகத்தில் போகலாம்? 80 கி.மீ. வேகத்தில் வருபவர் விலங்கைப் பார்க்கும்போதே காலம் கடந்துவிட்டது. மழை பெய்த சாலையில் 60 கூட அதிகம். விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே இரவுக்கு உரிய வேகம். இந்த விடையை அறிவுரையாகச் சொல்வதைவிட, பிள்ளைகளே வரைந்த வரைபடத்தில் காண்பது மனத்தில் நிற்கும்.

அறிவியல் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. மான், நரி போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் அதே கண், முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கூசிப்போகிறது. அதனால்தான் சில விலங்குகள் ஓடாமல் திகைத்து நிற்கின்றன. ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரக்கூடும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

விலங்குகள் சாலைக்கு வருவதில் நம் பங்கும் உண்டு. கேழ்வரகையும் கொள்ளையும் சாலையில் காயவைக்கிறோம். தானியத்துக்குப் பறவையும் எலியும் வருகின்றன. எலியைத் தேடிப் பாம்பும் ஆந்தையும் வருகின்றன. மலைப்பாதையில் பயணிகள் வீசும் தின்பண்டத்துக்காகக் குரங்குகள் சாலையோரத்திலேயே காத்துக் கிடக்கின்றன.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலை 44-இன் அடியில் விலங்குகள் செல்ல வழிகள் விடப்பட்டுள்ளன. புலிகளும் அவற்றைப் பயன்படுத்துவது தானியங்கிக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. பந்திப்பூரில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட நம் திம்பம் மலைப்பாதையிலும், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. தாளவாடிப் பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய காய்கறி சந்தைக்குப் போவதும், அவசரத்துக்கு அவர்கள் கீழே இறங்குவதும் அந்த வழியில்தான். பின்னர் உள்ளூர் மக்களுக்குத் தளர்வு தரப்பட்டது. இதை வகுப்பில் விவாதமாக வையுங்கள். சிறுத்தையின் பக்கமும் விவசாயியின் பக்கமும் நியாயம் இருப்பதைப் பிள்ளைகள் உணரட்டும். தீர்ப்பை நாம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒரு செயல்திட்டம். ஊர்ச் சாலையின் படம் ஒன்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். வழக்கமாக வரும் வழியில் அடிபட்ட விலங்கைக் கண்டால், இடம், நாள், அருகில் உள்ள குளம், தோட்டம், வளைவு ஆகியவற்றைப் பிள்ளைகள் அதில் குறிக்கட்டும். இதற்கென்று யாரும் சாலையில் இறங்கக் கூடாது. விலங்கைத் தொடவும் கூடாது. காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓராண்டில் புள்ளிகள் எங்கே நெருங்கியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்தப் படத்தைக் கிராம சபையில் வைத்து, அந்த இடத்துக்கு வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் கேளுங்கள். எந்த இடத்தில் வேண்டும் என்று கேட்டால், காட்டுவதற்கு நம் பிள்ளைகளிடம் படம் இருக்கும்.