மிருதங்கத்துக்கு ஆள் தேடும்போது



யாழ்ப்பாணத்துக் கொக்குவில் திருவிழா என்றால் எனக்குச் சாமியைவிட ‘மயான காண்டம்’ இசைநாடகம்தான் முதலில் ஞாபகம் வரும். லோகிதாசனைப் பாம்பு தீண்டியதும் சந்திரமதி அழுவா. கச்சான் சரையை மடியில் வைத்தபடி எங்கட அம்மம்மாவும் அழுவா. சந்திரமதியாக நிற்பவர் ஆம்பிளை என்று அம்மம்மாவுக்குத் தெரியும். அப்போது இசைநாடகத்தில் பெண் வேடத்துக்குப் பெரும்பாலும் ஆண்கள்தான். அதை யாரும் பகிடி பண்ணவில்லை. பகிடி பண்ணியது எங்கள் ஒழுங்கையில் கொஞ்சம் மென்மையாக நடந்த ஒரு பொடியனை. நானும் சிரித்திருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு கொழும்புக்குப் போனவன், பிறகு தேருக்குக்கூட ஊர்ப்பக்கம் வரவில்லை.

இப்போது நான் இங்கே லண்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே தன்பாலீர்ப்பாளர், திருநர் ஊழியர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. பேராசிரியரும் வருவார், கூட்டித் துடைக்கிறவரும் வருவார். பிரித்தானியாவில் 2005 முதல் பெப்ரவரி இவர்களுடைய வரலாற்று மாதம். அந்த மாதத்தில் படம் போடுவார்கள், கவிதை வாசிப்பார்கள், கச்சேரி வைப்பார்கள்.

ஒருமுறை ‘ஃபனி போய்’ போட்டார்கள். தன்பாலீர்ப்புள்ள கொழும்புத் தமிழ்ப் பொடியன் ஒருவனைப் பற்றி ஷியாம் செல்வதுரை 1994இல் எழுதிய நாவல். 2020இல் தீபா மேத்தா படமாக்கினார். படத்தில் பேசின தமிழ் இருக்கிறதே, சோற்றுக்குள் கல்! அதற்கு எங்கட சனம் கோபப்பட்டது நியாயம்தான்.

படம் தொடங்க முன் ஒரு மிருதங்கம் கேட்டது. நல்ல கை. முடிந்ததும் வாசித்த பிள்ளை என்னிடம் வந்து, “அன்ரி, என்னைத் தெரியேல்லையா? சங்கத்துப் பள்ளிக்கூடத்தில்தானே பழகினனான்” என்றது. எங்கள் சனிக்கிழமை வகுப்பில், எங்கள் காசில் வாங்கிய மிருதங்கத்தில் பழகிய கை. “இப்ப ஏன் வாறேல்லை?” என்று கேட்டேன். “வந்தா எப்ப கலியாணம் எண்டு கேப்பினம், அன்ரி.”

‘தன்பாலீர்ப்பு வெள்ளைக்காரன்ர பழக்கம்’ என்று முன்வரிசையில் சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. வெள்ளைக்காரன் எங்களுக்குத் தந்தது அதைக் குற்றமாக்கும் சட்டம். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு, 1883. தன் ஊரில் அவன் 1967இல் தளர்த்தத் தொடங்கிவிட்டான். நாங்களோ 1995இல் பெண்களையும் சட்டத்துக்குள் இழுத்தோம். அந்தக் குற்றத்தை நீக்கும் சட்டவரைவு அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியும் அது நிறைவேறவில்லை. அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் 2022இல் யாழ்ப்பாண நகரில் தன்பாலீர்ப்பாளரும் திருநரும் வானவில் கொடியோடு நடந்தார்கள். சங்கிலியன் அரசாண்ட காலத்துக் கதையல்ல, எங்கட ஊரில், எங்கட தெருவில்.

எங்கள் சங்கத்தின் இன்றைய நிகழ்ச்சியில் நடனத்துக்கு மிருதங்கம் ஒலிப்பதிவில் போனதைக் கவனித்திருப்பீர்கள். வாசிக்க ஆள் கிடைக்கவில்லையாம்.

ஆள் இருக்கிறது. பெயரை நான் சொல்லமாட்டேன். அது அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியது. அடுத்த வருடத்துக்கு நிகழ்ச்சிக் குழு கூடும்போது எனக்கு ஒரு கோல் எடுங்கோ, கேட்டுச் சொல்கிறேன். ஆனால் ஒன்று, கலியாணக் கதை மட்டும் வேண்டாம்.