கடலோரத்து மௌனம்



விடுமுறைக்கெனக் கடலோரத்தில் வீடொன்றை வாடகைக்கு எடுப்போர் இன்று முதலில் விசாரிப்பது, அங்கே இணைய வசதி உண்டா என்பதையே. தொடர்பு அறுந்துவிடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். அத்தொடர்பைத் தாமாகவே சில நாட்கள் விலக்கி வைத்த ஒரு பெண்மணியின் நூல் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அமெரிக்க எழுத்தாளர் ஆன் மொரோ லிண்ட்பேர்க் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை நூல் அது. அதன் தலைப்பைத் தமிழில் 'கடல் தந்த பரிசு' எனலாம்.

இவர் தொடர்பின் அருமை அறியாதவரல்லர். 1927இல் தனியொருவராக விமானமோட்டி நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் சென்ற சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் மனைவி. முப்பதுகளில் கணவருடன் மேற்கொண்ட நெடும் பறப்புகளில் வானொலித் தந்திக் கருவியை இயக்கியவர் இவரே. கடலின் மேல் பறக்கையில், தரையோடு அவர்களைப் பிணைத்த இழை இவருடைய விரல் நுனியில் இருந்தது. 1932இல் தலைமகன் கடத்திக் கொல்லப்பட்டபோதோ, பத்திரிகையாளர் கூட்டம் அவர்களை நிம்மதியாக அழவும் விடவில்லை. தொடர்பினால் வரும் துணை, தொல்லை இரண்டையும் அனுபவித்தவர் அவர்.

ஐந்து பிள்ளைகளின் தாயாகிய பின், புளோரிடா மாநிலத்துக் கப்டிவாத் தீவில் சில நாட்கள் தங்கினார். அந்நாட்களின் சிந்தனையே நூலுக்கு வித்து. அவர் காட்டும் குடில் எளியது: தொலைபேசி இல்லை, சுடுநீர் இல்லை, சமைக்க ஓர் எண்ணெய் அடுப்பு மட்டும். பை நிறையக் கொண்டுபோன நூல்களும் பதில் எழுத வேண்டிய கடிதங்களும் முதல் நாட்களில் தொடப்படாமலே கிடக்கின்றன. பின்னர், பொறுக்கிய சிப்பி ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு சிந்தனையைத் தருகின்றது.

அவற்றுள் இரண்டு இன்றைக்கும் பொருந்துவன. வேறு அலுவல் உண்டு என்றால் உலகம் மன்னிக்கும். தனித்திருக்கும் நேரம் இது என்றாலோ தன்னலக்காரி என்று எண்ணும் என்பது ஒன்று. தனிமை வாய்த்தாலும் அதை வானொலி ஒலியால் நிரப்பி விடுகின்றோம் என்பது மற்றொன்று. வானொலியில் பேசும் நான் இதைச் சொல்லத்தான் வேண்டும்!

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே கப்டிவாவைக் கரையோடு இணைத்த பாதை 2022 செப்டெம்பரில் புயலால் துண்டிக்கப்பட்டது. அப்போது அங்கே நிலவிய மௌனம் எவரும் விரும்பி வரவழைத்ததன்று. அத்தகைய மௌனத்தை நம்மவரும் அறிவர். தொண்ணூறுகளில் மின்சாரமும் தொலைபேசியும் இழந்த வடபகுதியில், துவிச்சக்கரவண்டியின் சில்லைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். அவர்களுக்கு அவ்வொலி இரைச்சலன்று, உயிர்மூச்சு.

ஆகவே, விலகியிருத்தல் வேறு, விலக்கப்படுதல் வேறு. லிண்ட்பேர்க்கின் மௌனம் இனித்தது, திரும்பும் வழி திறந்திருந்தமையாலேயே. அவரும் உறவுகளைத் துறக்கவில்லை. இடையில் சகோதரியை வரவேற்று உடன் தங்க வைத்தார். முடிவில் சில சிப்பிகளுடன் வீடு திரும்பினார்.

நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ வீடெடுத்துத் தங்கும் குடும்பங்களுக்கு இந்நூல் கூறுவது இதுவே எனக் கருதுகின்றேன். கைத்தொலைபேசியை எப்போது அணைப்பது, எப்போது திறப்பது என்பது நம் கையில் இருக்கட்டும். தனியே முதியோர் இருக்கும் வீட்டோடு நாள்தோறும் ஒருமுறை பேசுவோம். அலுவலக அழைப்பு காத்திருக்கலாம். தொலைபேசியை அணைத்தால் மட்டும் போதாது. அங்கும் அடுப்படியிலேயே நிற்கும் தாய்க்கு ஒரு நாழிகையேனும் கடலைத் தனியே பார்க்கும் உரிமையை வழங்குவோம். அந்நேரத்தில் தேநீரை மற்றவர்கள் தயாரிக்கட்டும்.