கம்பிங் வானும் ஓர் இரவுத் தரிப்பும்



விடுமுறைக் காலம் வந்தால் நேயர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "அண்ணை, கம்பிங் வானை றோட்டோரம் விட்டிட்டு உள்ளே படுக்கலாமோ?" என்பது ஒன்று. "எந்த வான் வாங்கலாம்?" என்பது மற்றது. கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இரண்டையும் கணக்காகவே பார்க்கிறேன்.

2002ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் கோவிலின் தேருக்கும், ஆகஸ்ட் மாதத்தில் கேவலாரில் நடைபெறும் தமிழர் யாத்திரைக்கும் ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் எம்மவர் வருகிறார்கள். ஐந்து பேருக்கு விடுதியில் அறை எடுப்பதிலும் வானில் படுப்பது மலிவு. ஆனால் நாங்கள் தரிக்கும் தெருவில் வேறு மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் குப்பையை விட்டுப் போனால், அடுத்த ஆண்டு வருகிற குடும்பத்தை வரவேற்பது தடைப்பலகைதான்.

முதலில் சட்டம். யேர்மனியில் தரிப்பதற்கு அனுமதியுள்ள பொது இடத்தில், களைத்த சாரதி மீண்டும் ஓடக்கூடிய நிலைக்கு வரும்வரை வாகனத்துக்குள் நித்திரை கொள்ளலாம். பொதுவாக அது ஓர் இரவு. பத்து மணித்தியாலம் என்று பலர் சொல்வார்கள். வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் அப்படியோர் எண் இல்லை. மேசை கதிரையை வெளியே போட்டாலோ, நிழற்கூரையை விரித்தாலோ, இறைச்சி வாட்டத் தொடங்கினாலோ அது தரிப்பு அல்ல, முகாம். அதற்கு அங்கே அனுமதி இல்லை. தரிப்பிடப் பலகையின் கீழ் கார்ப் படம் போட்டிருந்தால், வீட்டு வாகனமாகப் பதிந்த வானுக்கு அங்கே இடமில்லை. இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளையும் காட்டுப் பாதைகளையும் நினைக்கவே வேண்டாம்.

ஓர் இரவுக்கு மேல் தங்குவதென்றால் நகரசபைகளும் தனியாரும் நடத்தும் ஸ்ரெல்பிளாட்ஸ் என்ற தரிப்பிடங்களைத் தேடுங்கள். பலவற்றில் மின்சாரமும் நல்ல தண்ணீரும் கழிவு கொட்டும் வசதியும் உண்டு. பாத்திரம் கழுவிய நீரை வீதியோர மழைநீர்க் கானில் ஊற்றாதீர்கள். பல இடங்களில் அது சுத்திகரிக்கப்படாமலே ஆற்றுக்குப் போகிறது. மலசலகூடப் பெட்டியை அதற்கென உள்ள இடத்தில் மட்டும் வெறுமையாக்குங்கள். குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு நிற்பதும் தவறு.

அடுத்தது வான் தெரிவு. கட்டில்களை எண்ணுவதற்கு முன் ஆசனங்களை எண்ணுங்கள். வாகனப் பத்திரத்தில் எஸ்.1 என்ற இடத்தில் ஆசன எண்ணிக்கை இருக்கும். நாலு பேர் படுக்கும் வானில் இரண்டு பட்டி ஆசனம்தான் இருந்தால், அது இரண்டு பேரின் வான். ஓடும்போது அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது.

பிறகு எடை. பி வகுப்பு அனுமதிப்பத்திரத்துக்கு எல்லை 3.5 தொன். 1999க்கு முன் பழைய மூன்றாம் வகுப்பு எடுத்தவர்கள் 7.5 தொன் வரை ஓடலாம். பெரும்பாலான கம்பிங் வான்கள் 3.5 தொன்னுக்கே பதியப்படுகின்றன. பத்திரத்தில் எப்.1 என்பது உச்ச எடை. ஜி என்பது சாரதியையும் எரிபொருளையும் சேர்த்த எடை. இரண்டின் வித்தியாசமே உங்கள் கைமுதல்.

ஜி 3,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கைமுதல் 450. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் 150, மிச்சம் 300. தாங்கியை நிரப்ப இன்னும் 80 லீற்றர் தண்ணீர், அதாவது 80 கிலோ, மிச்சம் 220. பின்னர் பூட்டிய நிழற்கூரை 30, மேலதிக மின்கலமும் சூரியத் தகடும் 40; மிச்சம் 150. இரண்டு சைக்கிள் 30, மிச்சம் 120. உடுப்பு, படுக்கை, சட்டி பானை, சாப்பாட்டுச் சாமான் 120. கணக்கு பூச்சியம். இனி ஓர் அரிசி மூட்டை ஏற்றினாலும் கடன்தான். அந்தக் கடனை பிறேக்கும் ரயரும் சுமக்கின்றன. பொலிஸ் நிறுத்தி நிறுத்தால் தண்டமும் உண்டு. ஆகவே வாங்குமுன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். முழுச் சாமானோடும் முழுக் குடும்பத்தோடும் தராசுப் பாலத்தில் ஏற்றிப் பாருங்கள்.

உயரமும் முக்கியம். கூரை தூக்கும் சிறிய பஸ் ஏறக்குறைய இரண்டு மீற்றர். அளவைப் பார்த்துச் சில தரிப்பு மாடிகளுக்குள் நுழையலாம். உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய உயர்ந்த வானோ இரண்டரை மீற்றரைத் தாண்டும்; அதற்கு வெளித் தரிப்பிடம்தான்.

கடைசியாக, உயிர்க் கணக்கு. காஸ் பூட்டிய வீட்டு வாகனங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காஸ் பரிசோதனை 2025 யூன் 19 முதல் சட்டப்படி கட்டாயம். பழைய வான் வாங்குபவர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அடுப்பு எரியும்போது காற்றுத் துவாரங்களை மூடாதீர்கள். கரியடுப்பை அணைந்த பின்னரும் உள்ளே வைக்காதீர்கள். காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டில் பக்கத்தில் பூட்டுங்கள்.

இரவு பிந்தி வந்து, சத்தமின்றிப் படுத்து, காலையில் இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். அடுத்து வருகிற எம்மவருக்கு நீங்கள் விட்டுச்செல்லும் முதல் அதுதான்.